மூன்றாவது இழுப்பில் கருகல், காலையில் ஒழுகல்: பஞ்சைப் பாருங்கள்

காயிலையும் பஞ்சையும் நீங்களே மாற்றும் தொட்டி வைத்த உங்கள் மின்சிகரெட்டில் (வேப்) முதல் இரண்டு இழுப்பு நன்றாக இருக்கிறது, மூன்றாவது தொண்டையைக் கருக்குகிறது, நிறுத்தி வைத்தால் காலைக்குள் காற்றுத் துளை வழியே திரவம் ஒழுகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக வருவதால் எனக்குப் பஞ்சின் மேல்தான் சந்தேகம்: காயிலுக்குள் (சூடேறும் கம்பிச்சுருள்) இறுக்கமாகவும் நுனிகளில் போதாமலும் வைத்திருக்கிறீர்கள். உள்ளே நெரிபடும் பஞ்சில் திரவம் நகராது. தொட்டியிலிருந்து திரவம் உள்ளே வரும் பள்ளங்களைப் பஞ்சு மூடாவிட்டால் தொட்டித் திரவம் நேரே காற்றுத் துளைக்குப் போய்விடும்.

பழைய பஞ்சை எறிந்துவிடுங்கள், கருகியது தேறாது. புதியதைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசாக உரச வேண்டும். காயில் கூடவே அசைந்து வளைந்தால் பஞ்சு அதிகம், கொஞ்சம் பிரித்தெடுங்கள். இருபுறமும், காயில் பொருத்தியிருக்கும் தளத்தின் விளிம்பு வரை நீளம் விட்டு வெட்டி, ஊசியால் நுனியைக் கோதித் தளர்த்துங்கள். பிறகு அதைப் பள்ளத்தில் அமர வையுங்கள். பள்ளத்தின் வாயைப் பஞ்சு மூட வேண்டும், ஆனால் திணிக்கக் கூடாது. கோதுவதில் அவசரப்படாதீர்கள், வேலையின் பாதி அதுதான்.

சூடேற்றும் முன் பஞ்சு முழுவதும் ஊறட்டும். நிரப்பும்போது காற்று வழியை மூடி வையுங்கள். கெட்டியான திரவம் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் இழுப்புகளுக்கு இடையே சற்று பொறுங்கள், வாட்டையும் (சூடேற்றும் மின்திறன்) குறைத்துப் பாருங்கள்.

ஓம் அளவு (காயிலின் மின்தடை) நிலையில்லாமல் தாவினால் மட்டும் காயிலைப் பிடிக்கும் திருகுகளை இறுக்குங்கள். காயிலின் கால் (கம்பி நுனி) தளத்து உலோகத்தைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தொட்டால் பேட்டரிக்கு ஆபத்து, அதைச் சரிசெய்யாமல் பொத்தானை அழுத்தவே வேண்டாம்.