மீன் ஷெட்டுக்கு சோலார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பயோஃப்ளாக் டேங்க் (கழிவைத் தின்னுற பாக்டீரியாவைத் தண்ணிலயே வளர்த்து மீன் வளர்க்குற தொட்டி) நாலு இருக்கு. எத்தனை கிலோவாட் சோலார் போடணும்?

ப: டேங்க் கணக்கை வெச்சு எப்படிங்க சொல்றது? ப்ளோயர் (தண்ணிக்குள்ள காத்து அடிக்கிற மோட்டார்) எத்தனை ஹெச்பின்னு எழுதாம கேக்காதீங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றேன். ஒரு ஹெச்பின்னே வெச்சுக்குவோம். 24 மணி நேரமும் ஓடணும், ஒரு நாளைக்கு 18 யூனிட். நம்ம ஊர்ல 1 கிலோவாட்டுக்கு சுமாரா 4 யூனிட் கிடைக்கும், ஆக 5 கிலோவாட். ஐப்பசி, கார்த்திகை மழைல இந்தக் கணக்கு செல்லாது.

கே: ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடுறது) போட்டிருக்கேன். நல்ல வெயில்லயும் கரண்ட் போனா ப்ளோயர் நின்னுடுது. மட்டமான சரக்கா?

ப: சரக்கு நல்ல சரக்குதான், விவரம் சொல்லாம வித்தாங்க பாருங்க, அதுதான் தப்பு. லைன்ல கரண்ட் இல்லன்னா ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானா ஆஃப் ஆகணும், போஸ்ட்ல ஏறி வேலை பாக்குற லைன்மேன் மேல உங்க பேனல் கரண்ட் பாயக்கூடாதுல்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இதைச் சொன்னா ஆர்டர் போயிடும்னு வாயே திறக்க மாட்டேங்குறாங்க, மீன் வளர்க்குறவர் கரண்ட் கட் பிரச்சினை தீந்துச்சுன்னு ஜெனரேட்டரையே வித்துடறார், அப்புறம் ஒரு நாள் விடியக்காலைல கரண்ட் போகுது. மண் குளத்துல பாசியாவது பகல்ல ஆக்ஸிஜன் குடுக்கும், பயோஃப்ளாக்ல மீனும் பாக்டீரியாவும் சேந்து ராப்பகலா இழுத்துக்கிட்டே இருக்கும். நெருக்கமா விட்ட டேங்க்ல ப்ளோயர் நின்னு அரை மணி நேரத்துலயே ஜிலேபி மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும், இன்னும் கொஞ்சம் விட்டா மொத்தமும் போச்சு. ஆறு மாச தீவனக் காசுங்க அது! ஆன்-கிரிட் பில்லைக் குறைக்கும், மீனைக் காப்பாத்தாது. பேக்கப் இல்லாம குஞ்சு விடாதீங்க.

கே: ஈபி லைனே வேண்டாம், ராத்திரி பூரா பேட்டரில ஓட்டலாமா?

ப: ஓட்டலாம், கட்டுப்படியாகாது. அதே ஒரு ஹெச்பிக்கு வெயில் இல்லாத 16 மணி நேரத்துக்கு 12 யூனிட் வேணும். 150 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணுல பாதி சார்ஜ்தான் எடுக்கலாம், அது ஒரு யூனிட்கூட தேறாது, அப்போ 13, 14 பேட்டரி. பேட்டரியை ரெண்டு மணி நேர பேக்கப்புக்கு வெச்சுக்கோங்க, அதுக்கு மேல ஜெனரேட்டர்.

கே: வீட்டு இன்வெர்ட்டர்லயே ப்ளோயரை மாட்டலாமா?

ப: இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகைன்னா வேண்டாம், மோட்டார் சூடாகிக் கெட்டுடும். சைன் வேவ்னாலும் ஸ்டார்ட்டிங்ல அஞ்சாறு மடங்கு இழுக்கும், அதைத் தாங்குமான்னு பாருங்க. (ஹெச்பி எழுதலையே நீங்களும்!)

கே: விரால்தான் விட்டிருக்கேன். எனக்கும் பேக்கப் வேணுமா?

ப: விரால் மேல வந்து காத்தைக் குடிச்சுப் பிழைச்சுக்கும். ஆனா ப்ளோயர் ரொம்ப நேரம் நின்னா ஃப்ளாக் (பாக்டீரியாவும் கழிவும் சேந்த திரள்) அடில படிஞ்சு அழுகி அம்மோனியா ஏறும், அதுக்கு விராலும் தப்பாது. பேக்கப் வேணும்.

கே: மத்திய அரசோட சூர்ய கர் சோலார் மானியம் மீன் ஷெட்டுக்கு வருமா?

ப: வராது. அது வீட்டு இணைப்புக்கு மட்டும்.