எலி காட்டாததைக் காட்டிய உருண்டை

கேள்வி: ஆய்வகத்தில் மனித மூளையையே வளர்த்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா? ஆராய்ச்சிக்கு எலிகள் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: மூளை என்பது செய்தித் தலைப்புக்காகச் சூட்டிய பெயர். வளர்த்தது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர், அதாவது ஒரு மிளகின் அளவுள்ள திசு உருண்டை. அதை மூளை ஆர்கனாய்டு என்கிறார்கள். 2013இல் வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டர், யூர்கன் நோப்லிக் ஆகியோரின் குழு இதை வெளியிட்டது. தோல் செல்களை, எந்த வகைச் செல்லாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, திரட்டி, ஜெல்லி போன்ற புரதத் துளிக்குள் வைத்து, ஊட்டத் திரவத்தில் சுழலவிட்டார்கள். அதன்பின் செல்கள் தாமாகவே அடுக்கடுக்காக அமைந்தன. சிலவற்றில் விழித்திரையின் கரும்புள்ளிகள்கூடத் தோன்றின.

எலியைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. தலையும் மூளையும் மிகச் சிறுத்துப் பிறக்கும் ஒருவகைப் பரம்பரைக் குறைக்குக் காரணமான மரபணுவை எலியில் கெடுத்தாலும், எலியின் மூளை மனிதரில் போல அவ்வளவு சிறுப்பதில்லை. அக்குறையுள்ள ஒருவரின் தோலிலிருந்து வளர்த்த உருண்டைகளோ சிறுத்தே வளர்ந்தன. விதைநெல்லைப் பெருக்குவதற்குள் குத்தி அரிசியாக்கிவிட்டதைப் போல, பிரிந்து பெருக வேண்டிய மூலச்செல்கள் முன்கூட்டியே நரம்பணுக்களாகிவிட்டதே காரணம் என்று அவற்றில் தெரிந்தது. மனித மூளை பெரிதாக இருப்பதற்கும், மூலச்செல்கள் பெருகக் கிடைக்கும் இந்தக் கால அளவே ஒரு காரணமாகலாம்: 2021இல் லங்காஸ்டர் குழு ஒப்பிட்டபோது, மூலச்செல்கள் உருமாறும் ஒரு கட்டம் எலியில் சில மணி நேரத்திலும், கொரில்லா, சிம்பன்சி செல்களில் சுமார் 5 நாளிலும், மனிதச் செல்களில் சுமார் 7 நாளிலும் முடிந்தது.

ஆனால் இந்த உருண்டைகளில் இரத்தக் குழாய் இல்லை. பிராணவாயு எட்டாமல் நடுப்பகுதி மடிந்துவிடுகிறது. ஒரே தொகுப்பில் வளர்ந்தவைகூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கருவின் தொடக்க மாதங்களைப் பற்றி இவை சொல்வதை நம்பலாம். முதிர்ந்த மூளையைப் பற்றிச் சொன்னால் தயங்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்தக் குறைகளைத் தாண்டி உருண்டைகளை மேலும் முதிரவைக்க 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மனித ஆர்கனாய்டை எலிக்குட்டிகளின் மூளையில் பொருத்தினார்கள் என்பது வேடிக்கைதான். எலியின் மீசையை அசைத்தபோது, உள்ளே இருந்த மனித நரம்பணுக்கள் சில மின்துடிப்புக் காட்டின.