பைக்குள் ஈரத் துண்டு: தங்க இடமில்லாமல் படிக்கும் பிள்ளைகள் பற்றிக் கேள்வி பதில்

சேலத்தில் அரசு கல்லூரி மாணவர் விடுதிகளில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தங்க இடமில்லாமல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (உதவிப் பேராசிரியை, ஓமலூர்): என் வகுப்பில் ஒரு பையன் ராத்திரி புதிய பஸ் ஸ்டாண்டில் படுக்கிறான் என்று மற்ற பிள்ளைகள் சொல்கிறார்கள். கேட்டால் "மாமா வீட்டில் இருக்கேன் மேடம்" என்கிறான். எப்படிப் பேசுவது?

பதில்: அவன் சொல்வது முழுப் பொய்யாக இருக்காது அம்மா. நாலு நாள் மாமா வீடு, மூணு நாள் நண்பன் அறை, அங்கே ஹவுஸ் ஓனர் முகம் சுளித்தால் வேறொரு இடம், எதுவும் அமையாத ராத்திரி பஸ் ஸ்டாண்ட். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அதனால் அவனே தன்னை வீடில்லாதவன் என்று நினைத்திருக்க மாட்டான்.

எனக்கு இது புரிந்தது ஒரு பையைப் பார்த்துத்தான். விடுதியில் இடம் கேட்டு ஒரு பையன் வந்தான். அப்பா கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். தறி நின்றதும் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெற்றோர் வேலை தேடி ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். படிப்புக்காக இவன் மட்டும் இங்கேயே நின்றுவிட்டான். சான்றிதழ் எடுக்கப் பையைத் திறந்தான். மேலே நோட்டு. அதற்குக் கீழே பாலித்தீன் கவரில் சுற்றிய ஈரத் துண்டு, சோப்பு டப்பா, லுங்கி, மடித்த வெள்ளைச் சட்டை ஒன்று, அடியில் போன் சார்ஜர். கவரிலிருந்து கசிந்த ஈரம் ஊறி ஊறி நோட்டின் ஓரமெல்லாம் அலை அலையாக வளைந்திருந்தது. ஐந்து வாரமாக அப்படித்தான் இருந்திருக்கிறான். இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி அன்றைக்கு அவனைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டேன், சரி. ஆனால் நடுவில் போன அந்த ஒரு ராத்திரி இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவன் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், வாயே திறக்க மாட்டான். "இன்னிக்கு ராத்திரி எங்கே படுக்கப் போறே?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு வார்த்தை போதும். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், தனியாக. அவனைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போடவும் வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு படுக்கை முதலில், விடுதி விண்ணப்பம் அப்புறம், உதவித்தொகை அதற்கும் அப்புறம். இதைத் தலைகீழாகச் செய்து, சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைய விட்டால் பையன் படிப்பையே விட்டுவிடுவான். முதல் மணி நேரத்தில் தூங்கி வழிகிறான் என்றால், வருகைப் பதிவு குறைவதற்குள் துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்வி (மாணவர், ஏற்காடு நாகலூர்): மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறுவதிலேயே பொழுது போகிறது. கடைசி பஸ்ஸை விட்டால் நண்பன் வேலை செய்யும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில்தான் படுக்கிறேன். விடுதி கிடைக்குமா?

பதில்: கிடைக்க வேண்டும் தம்பி. பட்டறையில் இரவு தங்குவது நல்லதில்லை. பற்றவைக்கும் புகை, அமில வாடை, காலையில் கண் எரிச்சல். செவ்வாப்பேட்டைப் பக்கம் அப்படித் தங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு நல விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். சாப்பாடும் தங்குவதும் இலவசம். நீங்கள் இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி என்றால் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிக் காப்பாளரைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தூர விதி கிடையாது. அங்கே விண்ணப்பிக்கும்போதே சாதி, வருமானச் சான்று வேண்டியதில்லை, சேரும்போது கொடுத்தால் போதும். இது தெரியாமலே பலர் தேதியை விட்டுவிடுகிறார்கள்.

இடம் இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். நடு வருஷத்தில் படிப்பை நிறுத்துகிறவர்களின் இடம் காலியாகும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் "தூரம் அதிகம்" என்று மட்டும் எழுதாமல், எந்தெந்தத் தேதியில் எங்கே படுத்தீர்கள் என்று எழுதுங்கள். இன்னொன்று, போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகையில் விடுதி மாணவருக்குப் பராமரிப்புப் படி கூடுதல். சேர்ந்ததும் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாணவி, வயது 19): கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். தோழி வீட்டில் இருக்கிறேன். நாளைக்கு மேல் அங்கேயும் இருக்க முடியாது.

பதில்: கண்ணு, நாளை வரை காத்திருக்காதே. இப்போதே 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய். சகி என்ற, பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்குள் விடுதிக்கும் நீண்ட நாள் தங்கும் இடத்துக்கும் அவர்களே எழுதித் தருவார்கள், சட்ட உதவியும் உண்டு. 18 வயது முடிந்தவள் நீ. எங்கே இருப்பது என்பது உன் முடிவு. காணவில்லை என்று வீட்டில் புகார் கொடுத்தாலும், நானாகத்தான் வெளியே வந்தேன் என்று காவல் நிலையத்தில் சொன்னால் போதும்.

அரசின் புதுமைப்பெண் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய் உனக்கு வருகிறது என்றால் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று பார். அப்பாவிடம் இருந்தால் வங்கிக்குப் போய் அதை முடக்கிப் புதுக் கார்டு வாங்கு, கணக்கோடு இணைந்த போன் எண்ணையும் மாற்று. மதிப்பெண் சான்றிதழ் வீட்டிலேயே இருக்கிறதா? டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் இறக்கிப் பார், அசல் கைக்கு வரும்வரை அது வேலைக்கு ஆகும்.

கேள்வி (குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர், ஆத்தூர்): 18 ஆனதும் இல்லத்தை விட்டு வந்துவிட்டேன். முதலாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கென்று யாரும் இல்லை.

பதில்: உங்களுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பின்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகும் ஆதரவு தரும் ஏற்பாடு உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, மாதம் 4,000 ரூபாய் தரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். நீங்கள் இருந்த இல்லத்தின் கடிதம் முக்கியம். வெளியே வந்தபோது வாங்கவில்லை என்றால் இந்த வாரமே போய் வாங்குங்கள்.

கேள்வி: மெஸ் பாக்கி கட்டாததால் தனியார் விடுதியில் வெளியேறச் சொல்கிறார்கள். கல்விக் கடனில் இதெல்லாம் வருமா?

பதில்: வரும். விடுதிக் கட்டணம் மட்டுமல்ல, வெளியே அறை எடுத்தால் நியாயமான வாடகையும் சேரும். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கல்லூரி உங்கள் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் அறிவித்திருக்கிறது. கடன் வரும்வரை பசிக்கு, அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி (வீட்டுக்காரர், அஸ்தம்பட்டி): மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஒரு மாணவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று நானும் என் மனைவியும் நினைக்கிறோம். சரியா?

பதில்: நல்ல மனசு ஐயா. ஆனால் இலவசமாகக் கொடுக்காதீர்கள். மாதம் 300 ரூபாயாவது வாங்குங்கள். காசு கொடுக்காதவன் கடைக்குப் போ என்றால் போவான், டேங்க் கழுவச் சொன்னால் கழுவுவான், பரீட்சைக்கு முந்தின நாள்கூட மறுக்க முடியாது. 300 ரூபாய் கொடுப்பவன் "இன்னிக்குப் படிக்கணும் அங்கிள்" என்பான். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மாதம், காலி செய்யச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம். கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரின் எண்ணை வாங்கி வையுங்கள். மாடிக்குத் தனிச் சாவி போட்டு அவன் கையில் கொடுங்கள். துணி காயப்போட ஒரு கொடியும் கட்டிவிடுங்கள்.