மூன்று வாரக் குழந்தைக்கு ஆறு மாதம் முன்னோர் தேடினேன்

கேள்வி: இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளை வைத்து ஒரு குடும்பத்தின் முன்னோரை எவ்வளவு பின்னால் வரை தேட முடியும்? எங்கிருந்து தொடங்குவது?

என் கணவர் ஆங்கிலேயர். நார்ஃபோக் பக்கத்துக் குடும்பம். மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவருடைய தகப்பன் வழி வம்சாவளியை எழுதித் தருவதாக வாய்விட்டுவிட்டேன். எழுபத்து மூன்றாவது பிறந்தநாளுக்குத்தான் கொடுக்க முடிந்தது.

கீழிருந்து மேலே ஏறுங்கள். 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிந்து வருவதால் அதுவரை சான்றிதழ்களே போதும். அடுத்து 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். யார் எந்த ஊரில் பிறந்தார் என்று அதில் இருக்கும். ஊர் தெரிந்தால்தான் எந்தக் கோயிலின் ஏட்டைத் திறப்பது என்று தெரியும்.

அந்த ஏடுகளின் தொடக்கம் 1538. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுதி, இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். ஆனால் பல ஊர்களில் ஏடு 1558இல்தான் தொடங்கும். 1598இல் பழைய தாள்களைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, ‘முக்கியமாக எலிசபெத் அரசி பட்டமேறிய ஆண்டிலிருந்து’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்கள். கை வலிக்கும் என்று நினைத்த குருமார்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பெயர் கிடைப்பது கஷ்டமில்லை. ஒரே பெயர் நான்கு கிடைப்பதுதான் கஷ்டம். நம்மைப் போலவே அவர்களும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயர்தான். நான் விழுந்த குழி இதுதான். 1851இல் எழுபது வயது என்றிருந்த ஒரு வில்லியமைத் தேடினேன். அவர் பிறந்த ஊரின் ஏட்டில் 1781இல் ஒரு வில்லியமுக்கு ஞானஸ்நானம். துள்ளிக் குதித்து, அவனுடைய தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆறு மாதம் ஏறிக்கொண்டே போனேன். ஒருநாள் அதே ஏட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படித்தபோது (அடக்கப் பதிவுகளைப் பல ஊர்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்) அந்த வில்லியம் மூன்றே வாரத்தில் அடக்கமாகியிருந்தான். ஆறு மாதமும் வீண். நான் ஏறியது ஊரில் அதே குடும்பப் பெயரோடு இருந்த வேறொரு குடும்பத்தின் மரம்.

அதனால் ஞானஸ்நானம் கிடைத்த அன்றே அடக்கப் பதிவையும் தேடுங்கள். இணைய அட்டவணையோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தையும் பாருங்கள். ஃபேமிலிசெர்ச் தளத்தில் நிறையப் பதிவுகள் இலவசமாகவே இருக்கின்றன. மற்றதற்கு அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகம்.

தேதிகளிலும் ஒரு வம்பு உண்டு. 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல்தான். ஏட்டில் 1720 ஜூனில் திருமணம், 1720 பிப்ரவரியில் குழந்தை என்று பார்த்து ஒரு பாட்டியைச் சந்தேகப்பட்டோம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. ஜூனிலிருந்து பிப்ரவரி எட்டு மாதம்தானே என்று மாமியார் விரல்விட்டு எண்ணியது தனிக்கதை.

1754 முதல் திருமணப் பதிவு தெளிவாகிறது. மணமக்களின் கையெழுத்தும் சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார். ஓலை வாசித்த (திருமண அறிவிப்பைக் கோயிலில் முன்கூட்டியே படித்த) விவரமும் கிடைக்கும். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்ததால் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் வந்துவிடுகிறது.

சரியான வில்லியம் கிடைத்தது கோயில் ஏட்டால் அல்ல, ஏழை நிவாரணக் காகிதங்களால். பிழைக்க வழியற்றவரை எந்த ஊர் தாங்க வேண்டும் என்று முடிவுசெய்ய, நீதிபதிகள் அவரை உட்காரவைத்து எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய் என்று விசாரித்து எழுதிக்கொள்வார்கள். எங்கள் வில்லியம் தன் தகப்பன் பெயரை அங்கே சொல்லியிருந்தார். அதை வைத்துத் தேடியதில் 1784 ஞானஸ்நானப் பதிவு அகப்பட்டது. அறுபத்தேழு வயதுக்காரர் எழுபது என்று சொல்லிவைத்திருக்கிறார்.

அந்தப் பதிவின் ஓரத்தில் தனியாக ஒரு ‘பி’ எழுத்து இருந்தது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. ‘பி’ (P) என்றால் pauper, அதாவது பரம ஏழை, வரி கிடையாது. மாமியாரின் குடும்பத்தில் பண்ணையார் வம்சம் என்று ஒரு பேச்சு உண்டு. பக்கத்தின் நகலை எப்படி நீட்டுவது என்று தயங்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “மூன்று பென்ஸ் மிச்சம் பிடித்திருக்கிறார்” என்றார்.