மேப்பிளை மொட்டையடிக்கச் சொல்பவரை நம்பலாமா?

கேள்வி: உறைமழையில் (விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழை) டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் நிற்கும் வெள்ளி மேப்பிள் மரம் மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை இழந்துவிட்டது. வீடு வீடாக வரும் ஒருவர், உச்சியை மொட்டையடித்தால் மரம் பிழைக்கும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மொட்டையடித்த மரம் வெட்டிய முனைகளில் மெல்லிய கொப்புகளை நெருக்கமாக விடும். அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. கீழே வெட்டுவாயும் அழுகத் தொடங்கும். அடுத்த உறைமழையில் முதலில் முறிவது அந்தக் கொப்புகள்தான். டொராண்டோவில் இது சட்டச் சிக்கலும்கூட. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 செ.மீ. விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரத்தை, அது உங்கள் காணியில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டவோ காயப்படுத்தவோ கூடாது.

மூன்றில் ஒரு பங்கு இழப்பைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்டாரியோவையும் உறைமழை நாள்கணக்கில் வதைத்தபோது மேப்பிள் தோப்புகள் பெருஞ்சேதம் கண்டன. பாதிக் கிளைகளுக்குமேல் மிஞ்சிய மரம் பொதுவாக மீளும். முக்கால் பங்கை இழந்ததற்குத்தான் நம்பிக்கை குறைவு.

இப்போதைக்கு ஆபத்தை மட்டும் அகற்றுங்கள். முறிந்தும் விழாமல் மேலே தொங்கும் கொப்புக்கடியில் யாரையும் நடக்க விடாதீர்கள். மின்கம்பியில் சாய்ந்த கிளையென்றால் 10 மீட்டர் தள்ளி நின்று மின்நிறுவனத்தை அழையுங்கள். ஒட்டியிருக்கும் பனியைத் தடியால் தட்ட வேண்டாம், நல்ல கொப்பும் சேர்ந்து முறியும். அது தானாக உருகட்டும்.

அப்புறம், முறிந்த கிளையின் அடியைச் சீராக்குவது. கிளை தண்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வளையம்போல ஒரு புடைப்பு தட்டுப்படும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். அதைச் சீவாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தாரோ பெயின்டோ பூச வேண்டாம். வசந்தத்தில் வெட்டுவாயில் சாறு வடிந்தாலும் பயமில்லை.

ஏணி வைத்து ஏற வேண்டிய வேலையென்றால் சான்றிதழும் காப்புறுதியும் உள்ள ஆர்பரிஸ்டை (மரப் பராமரிப்பு நிபுணரை) கூப்பிடுங்கள். தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து அழைத்தால் செலவும் குறையலாம். தனியே வாழும் முதியவர் வீட்டு மரத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். தெருவோர மரம் நகரசபையுடையது, அதன் தொலைபேசி எண்ணான 311-க்குச் சொன்னால் போதும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். கவட்டையில் தொடங்கிய வெடிப்பு தண்டுக்குள் இறங்கி, மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் உடனே ஆளை அழையுங்கள். இல்லையென்றால் ஜூலை வரை பொறுத்து, எந்தெந்தக் கொப்பில் இலை நிறைவாக விட்டிருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.