ஓட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தால் பாதி வேலை முடிந்துவிடுமா? ஹர்மிலன் பெயின்ஸ் பற்றிய கேள்விக்கு என் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஹர்மிலன் பெயின்ஸின் அம்மா, அப்பா இரண்டு பேருமே தடகளக்காரர்கள். அவர் ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ரத்தத்திலேயே இருப்பதுதானே?"

ஹர்மிலன் 800, 1500 மீட்டர் ஓடும் இந்திய வீராங்கனை. ரத்தத்தில் கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் அவருக்குக் கொடுத்ததில் ரத்தம் சின்னப் பங்குதான் என்பது என் கருத்து. நான் கல்லூரிக்காக 800 மீட்டர் ஓடியவள். பெரிய அளவுக்குப் போகவில்லை. 400 மீட்டர் தடத்தை இரண்டு சுற்று ஓடும் இந்த 800 மீட்டர்காரர்களை மட்டும் இன்றுவரை விடாமல் கவனித்து வருகிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. மாதுரி சக்சேனா 2002 புசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். தங்கம் வாங்கியவர் கே.எம். பீனாமோள். முதல் இரண்டு இடமும் இந்தியாவுக்கு வந்த அபூர்வமான பந்தயம் அது. அதன் பிறகு நடந்த எந்த ஆசிய விளையாட்டிலும் பெண்கள் 800 மீட்டர் தங்கம் நமக்குக் கிடைத்ததில்லை. மாதுரிக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. அப்பா அமன்தீப் பெயின்ஸ் 1500 மீட்டர்காரர், தெற்காசியப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்.

ஹர்மிலன் பிறந்தது 1998 ஜூலையில். அதாவது, அம்மா புசானில் வெள்ளி வாங்கும்போது மகளுக்கு நாலு வயது. இந்தக் கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. பிள்ளை பெற்ற பிறகு ஒரு பெண் மறுபடி தடத்துக்கு வருவதே அந்தக் காலத்தில் செய்தி. வந்து, நாலே வருடத்தில் ஆசிய அளவில் இரண்டாம் இடம்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. ஹர்மிலனே பேட்டிகளில் சொன்னது. மாதுரிக்குப் பஞ்சாப் மின்வாரியத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க ஒரு தேர்வு ஓட்டம் வைத்தார்கள். 1500 மீட்டர். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார், வயிற்றில் ஹர்மிலன். ஓடித்தான் வேலையை வாங்கினார். "பிறப்பதற்கு முன்னாலேயே 1500 ஓடிவிட்டார்" என்று பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதின. எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. கர்ப்பிணி ஒருவர் வேலைக்காக மூன்றேமுக்கால் சுற்று ஓடித் தீர வேண்டிய நிலைமை அது. நம் நாட்டில் தடகளத்துக்கு வரும் பெண்களில் பெரும்பாலானோருக்கு இலக்கே அந்த வேலைதான். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி. பதக்கம் அதற்கான ஒரு சான்றிதழ். இந்த நிஜம் தெரிந்த அம்மாவிடம் வளர்வதற்கும், "ஓடி என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்கும் வீட்டில் வளர்வதற்கும் இருக்கும் தூரம் ரொம்பப் பெரியது.

என் வீட்டில் யாரும் விளையாட்டுப் பக்கமே போனவர்கள் இல்லை. கோபமெல்லாம் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஆனால் எதையும் விளக்கித்தான் ஆக வேண்டும். ஏன் காலை நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும், ஏன் ஸ்பைக்ஸுக்கு (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) அவ்வளவு காசு, ஏன் போன மாதம் ஓடியதைவிட இந்த மாதம் டைமிங் மோசம், மாதவிடாய் நாளில் ஓடலாமா கூடாதா. கல்யாண வீட்டுக்கு வராமல் கிரவுண்டுக்குப் போகிறேன் என்றால் அதற்கு ஒரு பெரிய வழக்கே நடக்கும். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்துபோய் மாதக்கணக்கில் கால் இழுத்துக்கொண்டே ஓடினேன். அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நான் உட்பட. வீட்டில் பழைய 800 மீட்டர்காரர் ஒருவர் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார். குடும்பம் தரும் சாதகம் என்று நான் சொல்வது இதைத்தான். விளக்கத் தேவையில்லாத வீடு. சரியான நேரத்தில் "இன்றைக்கு ஓடாதே" என்று சொல்லத் தெரிந்த ஆள்.

அப்புறம், பொறுமை. 800, 1500 இரண்டும் அவசரக்காரர்களுக்கான தூரம் இல்லை. 100 மீட்டரில் திறமை பதினாறு பதினேழு வயதிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். நடுத்தொலைவு அப்படியில்லை. 800 மீட்டர் ஓடும்போது உடம்புக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தித்தான் வருகிறது, 1500-ல் அது ஐந்தில் நாலு பங்குக்கும் மேல். அந்த அடித்தளம் வருடக்கணக்கில் மெதுவான ஓட்டத்தால் கட்டப்படுவது. அதன் மேல்தான் வேகம். அடித்தளம் போடாமல் பள்ளி மாணவியிடம் தினமும் வேகத்தைப் பிழிந்தெடுத்தால், மாவட்டப் போட்டியில் கோப்பை வரும், இருபது வயதில் ஆளையே காணாமல் போகும். நம் ஊரில் இது சகஜம். இந்த தூரத்தை ஓடிப் பார்த்த பெற்றோருக்கு அந்த அவசரம் இருக்காது என்று நினைக்கிறேன். ஹர்மிலன் நாடறிய வந்தது தன் இருபத்து மூன்றாவது வயதில்தான்.

அவருடைய ஊர் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் உள்ள மாஹில்பூர். பஞ்சாபில் அந்தப் பெயரைச் சொன்னால் கால்பந்துதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து ஒரு 1500 மீட்டர் வீராங்கனை.

2021 அவருடைய பெரிய ஆண்டு. செப்டம்பரில் வாரங்கலில் நடந்த தேசிய ஓபன் போட்டியில் 1500 மீட்டரை 4 நிமிடம் 5.39 வினாடியில் ஓடினார். தேசிய சாதனை. ஒரு சுற்றுக்குச் சராசரியாக அறுபத்தைந்தரை வினாடி, அதை விடாமல் மூன்றேமுக்கால் தடவை. அவர் உடைத்த பழைய சாதனை 4:06.03, சுனிதா ராணி ஓடியது. எங்கே? அதே 2002 புசானில். அம்மா 800-ல் வெள்ளி வாங்கிய அதே ஆசிய விளையாட்டில் அம்மாவின் அணித்தோழி வைத்த சாதனையை, பத்தொன்பது வருடம் கழித்து மகள் உடைத்தார். அந்த ஓட்டத்தில் சுனிதா ராணி வாங்கிய தங்கமே ஊக்கமருந்துப் புகாரில் பறிக்கப்பட்டு, பரிசோதனைக் கூடத்தின் குளறுபடிகள் வெளிவந்த பிறகு திருப்பித் தரப்பட்டது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஆனால் வாரங்கல் சாதனையில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதி நேரம் 4:04.20. அவர் ஓடியது அதைவிட ஒரு வினாடி சொச்சம் அதிகம். அதுவும் ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதம். ஒரு வினாடிதானே என்று தோன்றும். 1500 மீட்டரில் அது ஆறு மீட்டர் தூரம், அந்த ஆறு மீட்டருக்காகப் பலர் இரண்டு மூன்று வருடம் உழைக்கிறார்கள். இந்த இடத்தில் எந்த அம்மாவும் அப்பாவும் உதவ முடியாது. 2022-ல் முழங்கால் காயம் வந்து பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியும் கைவிட்டுப் போயிற்று.

இதற்குப் பிறகுதான் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி 1500 மீட்டர் இறுதி. எதிரில் பஹ்ரைனின் வின்ஃப்ரெட் யாவி, அதற்கு ஐந்து வாரம் முன்புதான் புடாபெஸ்டில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம்) உலகச் சாம்பியன் ஆனவர். யாவி 4:11.65, ஹர்மிலன் 4:12.74. வெள்ளி. நேரத்தைப் பார்த்து "சாதனையைவிட ஏழு வினாடி மெதுவா?" என்று கேட்காதீர்கள். பதக்கப் பந்தயங்களில் யாரும் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்க விரும்ப மாட்டார்கள். முதல் இரண்டு சுற்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போகும், கடைசியில்தான் வெடிக்கும். உள்வரிசையில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியிருக்காது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதுதான் ஆட்டம்.

மூன்று நாள் கழித்து 800 மீட்டர் இறுதி. இதைத்தான் நான் அவருடைய சிறந்த ஓட்டம் என்பேன், வாரங்கல் சாதனையைக் கூட அப்புறம்தான் வைப்பேன். இலங்கையின் தருஷி கருணாரத்ன, இன்னும் பத்தொன்பது வயதைத் தொடாத பெண், 2:03.20-ல் தங்கம் வாங்கினார். ஹர்மிலன் 2:03.75. மூன்றாவதாக வந்தவர் சீனாவின் வாங் சுன்யூ, 2:03.90. இந்த வாங் யார் என்றால், 2018 ஜகார்த்தாவில் இதே பந்தயத்தில் தங்கம் வாங்கியவர், டோக்கியோ ஒலிம்பிக் 800 இறுதியில் ஓடியவர். அவருடைய நாட்டிலேயே, அவருடைய ரசிகர்களுக்கு முன்னால், 0.15 வினாடியில் அவரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார் ஹர்மிலன். 1500 மீட்டர் இறுதி ஓடிய கால்களோடு.

அம்மாவுக்கு 2002-ல் 800 மீட்டர் வெள்ளி, மகளுக்கு 2023-ல் 800 மீட்டர் வெள்ளி. இதைப் பார்த்துத்தான் "ரத்தம்" என்ற பேச்சு வருகிறது. சரி, அந்த இரண்டு வெள்ளிக்கும் நடுவில் யார் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டுமே. 2014 இஞ்சியானில் டின்டு லூக்கா வெள்ளி. 2006 தோஹாவில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி. சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஓட்டக்காரப் பரம்பரை கிடையாது, வயிறு நிறையச் சாப்பாடு கூடக் கிடையாது. ஓடிய தூரம் அதே 800, வாங்கிய நிறமும் அதே வெள்ளி. ஆக, காலுக்குப் பரம்பரை அவசியமில்லை. பாலினப் பரிசோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்தபோது என்ன நடந்தது என்பதுதான் வித்தியாசம். அந்த நேரத்தில் யாரிடம் பேசுவது, எந்தக் கதவைத் தட்டுவது, பரிசோதனை என்றால் என்னென்ன கேட்க உரிமை உண்டு என்று சொல்ல அவர் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரும் இல்லை. பழைய சர்வதேச வீரர்கள் வாழும் வீட்டில் அந்தத் தொலைபேசி எண்களாவது இருந்திருக்கும். என்ன முடிவு வந்திருக்கும் என்பது வேறு. அத்தனை தனியாக நின்றிருக்க மாட்டார்.

உலக அளவில் உதாரணம் வேண்டும் என்றால் எத்தியோப்பியாவின் டிபாபா சகோதரிகள். அக்கா திருனேஷ் மூன்று ஒலிம்பிக் தங்கம், இன்னொரு அக்கா எஜெகயெஹு ஏதென்ஸில் 10,000 மீட்டர் வெள்ளி, தங்கை கென்செபே 2015-ல் 1500 மீட்டரை 3:50.07-ல் ஓடி உலக சாதனை. உறவுக்கார அக்கா தெரார்த்து துலு, 1992-ல் ஒலிம்பிக் தங்கம். கேட்டால் மரபணு என்றுதான் தோன்றும். ஆனால் இவர்களின் சொந்த ஊர்ப் பக்கம் பெக்கோஜி, கடல் மட்டத்துக்கு மிக உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். குடும்ப உறவே இல்லாத இன்னும் பல ஒலிம்பிக் சாம்பியன்களை அதே ஊர் கொடுத்திருக்கிறது. எனவே அங்கும் எது ரத்தம், எது மலை, எது பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து வந்த ஆசை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

குடும்பம் என்றாலே நல்லதுதான் என்றும் நினைக்க வேண்டாம். நார்வேயின் இங்கெப்ரிக்ட்சன் குடும்பத்தில் அண்ணன்கள் உலகப் புகழ் பெற்றார்கள், அப்பாதான் பயிற்சியாளர். தங்கை இங்க்ரிட் ஓட்டத்தையே விட்டார். மகளை ஈரத் துண்டால் அடித்த குற்றத்துக்காக அந்த அப்பாவுக்கு 2025-ல் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. பயிற்சியாளரோடு சண்டை வந்தால் வீட்டுக்குப் போய் அழலாம். பயிற்சியாளரே வீட்டில் இருந்தால்?

ஹர்மிலனுக்கும் சுமை இல்லாமல் இருந்திருக்காது. எந்தச் செய்தியிலும் அவர் பெயருக்கு அடுத்த வரியில் "மாதுரியின் மகள்" வந்துவிடும். வெள்ளி வாங்கினால் "அம்மா மாதிரியே", தோற்றால் "அம்மா அளவுக்கு இல்லை". இத்தனைக்கும் 1500-ல் தேசிய சாதனை, ஒரே ஆசிய விளையாட்டில் இரண்டு தனிநபர் வெள்ளி என்று பார்த்தால் மகளின் கணக்கு ஏற்கெனவே கனமானது.

இப்போது நிலவரம் என்னவென்றால், அந்த 4:05.39-ம் போய்விட்டது. 2024 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் கே.எம். தீக்ஷா 4:04.78 ஓடி அதை எடுத்துக்கொண்டார். பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதி நேரம் 4:02.50, இருவருமே அதைத் தொடவில்லை. கென்யாவின் ஃபெய்த் கிப்யேகானின் உலக சாதனை 3:48.68. அங்கே போக நமக்கு இன்னும் பதினாறு வினாடி. ஆனால் சுனிதா ராணியின் சாதனை பத்தொன்பது வருடம் தூங்கியது, ஹர்மிலனுடையது மூன்று வருடம் கூட நிற்கவில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இந்திய 1500 மீட்டருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

நேரம் கிடைத்தால் ஹாங்சோ 800 இறுதியின் காணொளியைத் தேடிப் பாருங்கள். கடைசி 200-ல் யார் யார் உடைகிறார்கள், ஹர்மிலன் வாங்கை எந்த இடத்தில் தாண்டுகிறார் என்று கவனித்தால் நான் ஏன் அதைச் சிறந்த ஓட்டம் என்றேன் என்பது புரியும்.