“அந்த அப்பா ஏன் அப்பாவாவே வரக்கூடாது?” – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ‘அவ்வை சண்முகி’யை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். விவாகரத்தான அப்பா கமல், மகளோடு இருப்பதற்காக மாமி வேஷம் போட்டு ஆயாவாக வருவாரே, அந்தப் படம்தான். 1996 தீபாவளிக்கு அந்தப் படம் வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் மாமி பின்னால் சுற்றியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது மட்டும்தான் ஞாபகம். இப்போது எனக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள். மருந்து கம்பெனி வேலை என்பதால் மாதத்தில் பாதி நாள் வெளியூர் லாட்ஜில்தான். படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: “அந்த அப்பா ஏன் அப்பாவாவே வரக்கூடாது?” எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு ஒரு ஜடை பின்னிவிடக்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அது கமலின் வேஷத்துக்காக எடுத்த படம், குழந்தை வெறும் சாக்கு என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. கதை சூடு பிடித்த பிறகு முதலியாரும் (மணிவண்ணன்) விஸ்வநாத ஐயரும் (ஜெமினி கணேசன்) மாமிக்காகப் படும் பாடுதான் படத்தை நடத்திக்கொண்டு போகிறது. கிரேசி மோகன் வசனம் எழுதி, கே.எஸ். ரவிகுமார் இயக்கினால் வேகம் அப்படித்தான் இருக்கும். ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோரின் கைவண்ணமும் நம் கண்ணை வேறு பக்கம் போகவிடுவதில்லை. அந்தத் தலைப்பு எனக்குத் தனியாகப் பிடிக்கும். நாடக மேடையில் அவ்வையாராக நடித்துப் பேர் வாங்கியவர் டி.கே. சண்முகம். அவரது நாடகக் குழுவில் வளர்ந்தவர் கமல். குருவின் பெயரையே மாமிக்குச் சூட்டிவிட்டார்.

ஆனால் குழந்தையைச் சாக்கு என்று ஒதுக்க என்னால் முடியாது. கமல் நடித்த பாண்டியன், சினிமாவில் உதவி நடன இயக்குநர். பணக்காரத் தோல் வியாபாரியின் மகளைக் காதலித்துக் கல்யாணம் செய்து, அது விவாகரத்தில் முடிகிறது. அவர்களின் மகள் பாரதியை அப்பா வாரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்கிறது நீதிமன்றம். அதே மகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் சம்பளத்துக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் படத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் இல்லை. அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள், ஆயாவுக்கு வாரம் முழுக்க. மொத்தப் படமும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. உங்கள் மகள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறாள்.

படத்தில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் அப்பாவை இயற்கைக் காப்பாளர் என்று முதலில் சொல்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. காகிதத்தில் பொறுப்பு அப்பாவுக்கு, மடி அம்மாவுக்கு. மத்திய அரசு ஊழியர்களின் விடுப்பு விதிகளையும் பாருங்கள். குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு 15 நாள். குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று 730 நாள் தனியாக இருக்கிறது, அது பெண்களுக்கு. 2018இல் அதை ஆண்களுக்கும் திறந்தார்கள், ஆனால் மனைவி இல்லாமல் தனியாகக் குழந்தையை வளர்ப்பவர்களுக்கு மட்டும். மனைவி இருக்கிற அப்பாவுக்கு அந்த 730இல் ஒரு நாள்கூடக் கிடையாது. உங்களைப் போலத் தனியார் வேலையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அந்த 15 நாளைக் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

‘அவ்வை சண்முகி’க்கு மூன்று வருஷம் முன்னால், 1993இல் வந்த ஹாலிவுட் படம் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’. நம் படத்துக்கு வித்து அதுதான். அதில் ராபின் வில்லியம்ஸ் கிழவி வேஷம் போட்டுத் தன் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். கடைசியில் கணவனும் மனைவியும் சேர்வதில்லை. ஆனால் பள்ளி விட்டதும் தினமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் வருவார், வேஷம் இல்லாமல், அப்பாவாக. உங்கள் மகளின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. நம் படம் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைத்து நம்மைச் சந்தோஷமாக அனுப்பிவிடுகிறது. அது எனக்கும் பிடித்த முடிவுதான். ஆனாலும் சேர்ந்த பிறகு பாரதிக்கு யார் தலை வாரிவிட்டிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜடை பற்றி எழுதியிருந்தீர்கள். என் தம்பி பிறக்க அம்மா பாட்டி வீட்டுக்குப் போனபோது எனக்கு அரைப்பரீட்சை. நானும் அப்பாவும் மட்டும் வீட்டில். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. முதல் நாள் பக்கத்து வீட்டு அத்தைதான் எனக்குப் பின்னிவிட்டார். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் மூன்று கயிற்றுத் துண்டுகளைக் கட்டிப் பின்னிப் பழகினார். மறுநாள் காலையில் எழுந்ததும் மண்ணெண்ணெய் தொட்டு விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் துடைத்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து சீப்பை எடுத்தார். வகிடு கோணல்தான். ஒரு ஜடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. நீல ரிப்பனை இழுத்து முடிச்சுப் போடும்போது “வலிக்குதா?” என்று கேட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டார். அந்த மண்ணெண்ணெய் வாசனையோடுதான் நான் கணக்குப் பரீட்சை எழுதினேன்.

அடுத்த முறை நீங்கள் ஊரில் இருக்கும் நாளில் மகள் கையிலிருந்து சீப்பை வாங்கிப் பாருங்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளே சொல்லித் தருவாள்.

அன்புடன்,
அக்கா